ஒரு கசெற், இரண்டு வேகம்

மகனுக்கு, அரியாலையிலிருந்து அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோவு, எனக்கு ஒன்றுமில்லை. உன் கடிதம் பத்து நாட்களுக்கு முன், கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து வந்த ஒருவரின் கைவழியாகக் கிடைத்தது. ஏழு தாள் எழுதியிருக்கிறாய். ஆறு தாளில் கொழும்பு, கந்தோர், மழை, நுளம்பு. கேட்க வேண்டியதை ஏழாவது தாளின் அடியில் கேட்டிருக்கிறாய். அதில் நீ தாயைப் போல. நான் எதையும் முதல் வரியிலேயே கேட்டுவிடுகிறவன்.

நீ கேட்டது இதுதான். நீயும் அங்கேயே இருக்கிற ரெஜினாவும் கலியாணம் செய்வதென்று முடிவெடுத்துவிட்டீர்கள். ஆயரிடம் அனுமதியும் கிடைத்துவிட்டது. இங்கே யாழ்ப்பாணத்தில், கொழும்புத்துறைக் கோயிலில் ஓலை வாசிப்பதுதான் மிச்சம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சாமியார் சபைக்கு முன் உங்கள் பெயர்களை வாசித்து அறிவிக்க வேண்டும். தவக்காலம் தொடங்கிவிட்டால் கலியாணம் இல்லை. ஆகவே நாட்கள் குறைவு. இந்த இடத்தில் ரெஜினாவின் தகப்பன் மரியநாயகம் குறுக்கே நிற்கிறார். மனைவி மூலம் ரெஜினாவுக்கு அவர் சொல்லியனுப்பியதை நீ எழுத்துக்கு எழுத்து எழுதியிருக்கிறாய்: "அவன்ரை கொப்பர் என்ரை படலையைத் திறந்து உள்ளை வரட்டும். நாலு வருசத்துக்கு முந்திச் சொன்னதுக்கு ஒரு வார்த்தை சொல்லட்டும். பேந்து ஓலை வாசிப்பம்." போவீர்களா அப்பா என்று கேட்டிருக்கிறாய். பதில் இந்தக் கடிதத்தில் அதற்குரிய இடத்தில் வரும். கடைசித் தாளைத் திருப்பிப் பார்க்காதே. இசைத்தட்டின் நடுவில் ஊசியை இறக்குகிறவர்களை நான் வீட்டுக்குள் எடுப்பதில்லை.

ஒழுங்கையில் சனம் என்ன கதைக்கிறது என்று எனக்குத் தெரியும். பெண் வேதக்காரி, நாங்கள் சைவக்காரர் என்பதால் கிழவன் முறுக்கிக்கொண்டு நிற்கிறான் என்கிறார்கள். சந்திக் கடைக்காரர் என் முகத்துக்கு நேரேயே கேட்டார். நீ எந்தக் கோயிலில் கும்பிட்டாலும் எனக்கு ஒன்றுதான். அம்மா அதற்காக ஒரு கிழமை அழுது, அழுகையையும் முடித்துவிட்டாள். மரியநாயகமும் நானும் பேச்சை நிறுத்தியது ஒரு கசெற்றினால். அந்தக் கசெற் ஓடும்போது சைக்கிள் மிதித்தவன் நீ. ஆகவே கதை உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். உனக்குத் தெரியாதவை உண்டு. அவற்றில் ஒன்று போன செவ்வாய்க்கிழமை வரை எனக்கும் தெரியாது.

முதலில் இருந்து வருகிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். காங்கேசன்துறை சீமெந்து ஆலையில் மின்சார வேலை, அதுவும் பார்த்துப் பார்த்துப் பழகியது. நீ பிறப்பதற்கு முந்திய வருடம் துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலின் எஞ்சினியர் தன் ரேடியோகிராமைத் திருத்தக் கொண்டுவந்தார். திருத்தியபின் சோதித்துப் பார்க்க அவர் ஒரு தட்டைப் போட்டார். கறுப்பு மனிதர் ஒருவர் ட்ரம்பெற் ஊதுகிற தட்டு. எனக்கு அதுவரை இசை என்றால் தேர்முட்டியில் நாதஸ்வரம், கடையில் சினிமாப் பாட்டு. இந்த ஆள் ஒரு மெட்டைச் சொல்லிவிட்டு, அதே மெட்டோடு சண்டை பிடித்து, பிறகு சமாதானமாகி வீட்டுக்குத் திரும்பினார். நான் கூலி வேண்டாம், தட்டைத் தாருங்கள் என்றேன். அன்றிலிருந்து வருகிற கப்பல்களிடமெல்லாம் கேட்டு வாங்கினேன். என்னிடம் உள்ள ஆங்கிலம் முழுவதும் அந்தத் தட்டு உறைகளின் பின்பக்கத்தில் அகராதி வைத்துப் படித்தது. அதனால்தான் எனக்குக் கிழமை நாட்களை ஆங்கிலத்தில் எழுதப் பிழை வரும், சக்சபோனின் பாகங்களைச் சொல்லப் பிழை வராது. தொண்ணூறாம் ஆண்டு என்னிடம் அறுபத்தொரு தட்டுகள் இருந்தன.

மரியநாயகத்தை நான் முதலில் கண்டது எண்பத்து மூன்றில், கொழும்புக் கலவரத்தில் அடிபட்ட தமிழ்ச் சனம் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கிய நாளில். ஆலையிலிருந்து நாங்கள் தண்ணீரும் பாணும் கொண்டு போயிருந்தோம். அவர் மனைவியின் தோளில் யாரோ கொடுத்த படுக்கைவிரிப்பு. பதினொரு வயது ரெஜினாவின் காலில் செருப்பில்லை. அவர் கையில் ஒரு நீளப் பெட்டி. "உதுக்குள்ளை என்ன ஐயா?" என்று கேட்டேன். "கிளாரினெற்" என்றார். "என்ன வாசிப்பியள்?" "கோயில் பாண்டிலை பூசைப்பாட்டு. வீட்டிலை ஜாஸ்." நான் பாண் கூடையைக் கீழே வைத்துவிட்டேன். முழுக் குடாநாட்டிலும் அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இருக்கவில்லை. அவரை என் சைக்கிள் பாரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, அவர் முகம் கழுவ முன்னரே ஒரு தட்டைப் போட்டேன். அவர் நின்றபடியே கேட்டு அழுதார். இசைக்காக அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சொந்த ஊரான கொழும்புத்துறைக்குப் போய், யாழ்ப்பாணத் தபால் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தார். ஞாயிறு பூசை முடிய நாங்கள் கணக்குப் படிப்பிக்கிற சின்னத்துரை மாஸ்ரர் வீட்டில் கூடுவோம். தட்டுகளைக் கசெற்றில் அடித்து மூவரும் மாற்றிக்கொள்வோம். அதற்கு ஒரு சட்டம் இருந்தது, நான் போட்ட சட்டம். ஒரு கசெற்றைக் கொடுத்தால் பெட்டிக்குள் ஒரு துண்டு வைக்க வேண்டும். அந்தத் துண்டில் நல்லது, அருமை, அற்புதம் என்று எழுதக்கூடாது. எந்த இடத்தைக் கேட்க வேண்டும், அங்கே என்ன நடக்கிறது, அதை எழுத வேண்டும். மாஸ்ரர் ஒருமுறை எழுதினார்: "ஐந்துக்கு எண்ணிக் கேட்கவும். நாலுக்கு எண்ணினால் தலையிடி வரும்." மரியநாயகம் எழுதியது: "முதற்பக்கம் கடைசி. பியானோக்காரன் ஒரு சுரம் பிழையாக அடிக்கிறான். பிறகு அதையே வேணுமெண்டு இரண்டு தரம் அடித்துச் சரியாக்கிவிடுகிறான். அந்தக் கெட்டித்தனத்தைப் பிடியும்." நான் எழுதியது: "மூன்றாவது. பேஸ் தனியே நடக்கத் தொடங்கினால் அடுப்பிலே பால் பொங்கினாலும் எழும்பக்கூடாது." அன்று பால் பொங்கியது, அம்மா இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். தட்டுகளின் ஆங்கிலப் பெயர்கள் எங்கள் வாயில் நிற்காது. நாங்களே பெயர் வைத்தோம். ட்ரம்மைத் தூரிகையால் தடவுகிற ஒன்றுக்குச் 'சருகு'. இரண்டு சக்சபோன்கள் வழக்காடுகிற ஒன்றுக்கு 'அண்ணன் தம்பி'. அந்த ஏழு வருடங்களில் நான் கோபப்பட்டது குறைவு.

தொண்ணூறில் காங்கேசன்துறையை விட்டு நடந்தது உனக்கு நினைவிருக்கும். ஷெல் விழுகிறது, ஒரு சைக்கிள்தான் இருக்கிறது. அம்மாவின் தையல் மெசினின் தலையைக் கரியரில் கட்டினோம். நான் தட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். "இஞ்சருங்கோ, உந்தத் தட்டுகளை அவிச்சுத் தின்னேலுமோ?" என்றாள். பெட்டியைத் திரும்ப உள்ளே வைத்தேன். ரேப் ரெக்கோடரும் கசெற்றுகளும் மட்டும் வந்தன. அந்த மெசின்தான் அரியாலையில் எங்களுக்குச் சோறு போட்டது, அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அதன் சத்தம் கேட்கிற ஒவ்வொரு நாளும் எனக்குள் ஒரு கணக்குத் தீராமல் இருக்கிறது. அன்று காலை தொடங்கிய நடை பொழுதுபட முடிந்தது. எனக்கு முன்னால் ஒரு கிழவி ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போனாள். ஆடு நின்றால் முழுச் சனமும் நின்றது. அந்த வேகம் என் காலுக்குள் போய் இருந்துவிட்டது.

பிறகு மின்சாரமும் இல்லை, பற்றறிக்கும் தடை. எல்லா வீட்டிலும் செய்தது போல நானும் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, பழைய ரேடியோவில் கழற்றிய டயோட் நாலைப் போட்டு ரேப்பை ஓடவைத்தேன். நீ ஏறி மிதிப்பாய். மெதுவாக மிதித்தால் பாட்டு இழுபடும், வேகமாக மிதித்தால் கீச்சிடும். தெரிந்த கசெற்றுக்கு அது பிரச்சினையில்லை. 'சருகு' எப்படி ஒலிக்க வேண்டும் என்று என் காதுக்குத் தெரியும். "கொஞ்சம் அமத்தி, கொஞ்சம் அமத்தி, சரி, உதிலை பிடி" என்று சொல்வேன், நீ பிடித்துக்கொள்வாய். கவனி, தெரிந்த கசெற்றுக்கு.

அடுத்த வருடம் என் அக்காவின் மகன் ஜெர்மனியிலிருந்து ஒரு புதுக் கசெற் அனுப்பினான். கிளாலியில் படகுக்குள் தண்ணீர் அடித்து, அட்டையில் எழுதியிருந்த பெயர்கள் எல்லாம் நீல மையாகக் கரைந்துபோயிருந்தன. ஆர் வாசிக்கிறார், பாட்டின் பெயர் என்ன, ஒன்றும் தெரியாது. நீ மிதித்தாய். ட்ரம்பெற் வந்தது. நான் "ஆறுதலா" என்றேன். நீ மெதுவாக்கினாய். "இன்னும் ஆறுதலா." ஓரிடத்தில் அது என் காலுக்குள் இருந்த வேகத்தோடு வந்து பொருந்தியது. ட்ரம்காரன் தேய்ந்த செருப்போடு நடக்கிறான், பேஸ்காரன் மூட்டையை மாற்றித் தோளில் வைக்கிறான், ட்ரம்பெற்காரன் திரும்பிப் பார்க்காமல் போகிறான். நான் நாற்பது நிமிடமும் அசையவில்லை. அம்மா மெசினை நிறுத்திவிட்டு, "செத்தவீடு இல்லாத நாளிலையும் உந்த மனுசனுக்கு ஒரு ஒப்பாரி வேணும்" என்றாள். நான் துண்டு எழுதினேன்: "முழுவதும். இது ஊரை விட்டு நடக்கிறவனின் இசை. இதைவிட மெதுவாக ஒருவனும் நடக்க முடியாது." அந்தத் துண்டோடு கசெற்றை நீதான் கொழும்புத்துறைக்குக் கொண்டுபோனாய்.

மூன்றாம் நாள் கசெற் மரியநாயகத்தின் பதில் துண்டோடு திரும்பி வந்தது. "நல்ல கலியாண வீட்டுத் துள்ளல். உம்முடைய மிதிகாரன் நித்திரையோ?" அந்த ஞாயிறு மாஸ்ரர் வீட்டு விறாந்தையில் நடந்ததை நீ வாசலில் நின்று கேட்டாய். ஆனாலும் எழுதுகிறேன்.

"என்ன காணும், துள்ளுற கண்டுக்குட்டியைப் பிடிச்சுக் கட்டிப்போட்டு அழ விட்டிருக்கிறீர்" என்றார்.

"நீர் நாய் துரத்துற மாதிரி மிதிப்பிச்சால் எதுவும் துள்ளும்தான்."

"நான் சுருதிக்கு மிதிப்பிச்சனான். கிளாரினெற்றிலை ஊதிப் பிடிச்சுப் பாத்தனான். உம்மடை வேகத்திலை அது ரெண்டு சுரத்துக்கு நடுவிலை கிடந்து முழிக்குது. உந்தச் சுருதியிலை உலகத்திலை ஒருத்தரும் வாசிக்கமாட்டினம் ஐசே, விரலுக்கு வராது."

"நாங்கள் வாத்தியம் படிச்ச ஆக்களில்லை. காதாலை கேக்கிறம்."

"காது இருந்தால் கேளுமன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். மாஸ்ரரும் சிரித்தார்.

மாஸ்ரர் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மிசன் பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டு பேர், எட்டாம் வகுப்புக்காரனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று பட்டது. நான் எழும்பி நின்று சொன்னேன்: "அறுபத்தொரு தட்டை விட்டிட்டு நடந்து வந்தவனுக்குத்தான் தெரியும் அதின்ரை வேகம். ஒரு குழலோடை கப்பலிலை வந்து இறங்கின உமக்கு என்ன தெரியும்?" மரியநாயகத்தின் முகம் மாறியது. அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு, மாஸ்ரரின் மனைவி கொண்டுவந்த தேத்தண்ணியையும் தொடாமல் போனார். வேகத்தில் தோற்றதால் போகிறார் என்று நான் எண்ணினேன். நாலு வருடமாக அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பேச்சு நின்றது. கசெற் நிற்கவில்லை. அது எனக்கும் ஆச்சரியம்தான். அவரிடம் இருந்த 'அண்ணன் தம்பி' இல்லாமல் எனக்கு இருக்க ஏலாது, என்னிடம் இருந்த 'சருகு' இல்லாமல் அவருக்கு ஏலாது. நீ கொண்டுபோனாய், ரெஜினா வாங்கி வைத்தாள். துண்டுகளில் வணக்கம் இல்லை, பெயர் இல்லை, "இரண்டாவது, சக்சபோன் நுழைகிற இடம்" என்று மட்டும்.

இப்போது உனக்குத் தெரியாதது. சண்டை நடந்து நாலாம் மாதம், அந்த ஜெர்மனிக் கசெற்றையும் 'சருகை'யும் பிரதி எடுக்கப் பெரியகடைப் பக்கம் ஜெனரேற்றர் வைத்து நடத்துகிற ஒரு கசெற்கடைக்குப் போனேன். கடைக்காரர் அதை மெசினில் போட்டார். நான் அறியாத ஒரு பாண்ட் வாசிக்கத் தொடங்கியது. ட்ரம் குதித்தது. ட்ரம்பெற்காரன் ஒரு சின்னப் பெட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடுகிறவன் மாதிரி ஊதினான். அரிசிப் பையோடு வாசலில் நின்ற ஒரு மனுசி காலால் தாளம் போட்டாள். "நல்ல துள்ளல் சாமான் ஐயா, கலியாண வீட்டுக்கோ?" என்றார் கடைக்காரர்.

"உம்மடை மெசின் கெதியாச் சுத்துது" என்றேன்.

"என்ரை மெசினோ? உங்களுக்கு வடிவாத் தெரிஞ்ச கசெற் ஒண்டு தாங்கோ, போட்டுப் பாப்பம்."

'சருகைக்' கொடுத்தேன். அது ஒரு மயிரிழையும் பிசகாமல், காங்கேசன்துறை வீட்டில் கேட்டது போலவே கேட்டது. நான் பிரதி வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு கசெற்றையும் வாங்கிக்கொண்டு வந்தேன். பிழை என்னுடையது. தெரிந்த கசெற்றுக்கு நினைவு வேகம் சொல்லும். தெரியாத கசெற்றுக்கு நான் என் மனத்தை வேகம் சொல்ல விட்டிருக்கிறேன். இவ்வளவு சின்ன விடயம் எனக்கு விளங்காமல் போயிருக்கிறது, எனக்கு, டைனமோவும் டயோட்டும் தெரிந்த எனக்கு. வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் உன்னை "ஆறுதலா" என்றே மிதிக்க வைத்தேன்.

இதற்கு இரண்டு மாதம் கழித்து நீ ஒருநாள் கோபத்தோடு வீட்டுக்கு வந்தாய். மரியநாயகம் தன் வாசலில் உன்னைக் கண்டு, "கொப்பர் இன்னும் அந்த நித்திரை வேகத்திலைதானோ மோனை?" என்று பகிடியாகக் கேட்டிருக்கிறார். நீ அவர் முகத்துக்கு நேரே, "எங்கடை அப்பாவின்ரை காது பிழைக்காது. கேக்கத் தெரியாட்டில் எங்கடை கசெற்றுகளைத் தாங்கோ, கொண்டு போறன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாய். பெரியவரோடு எதிர்த்துக் கதைத்தது உன் வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். நான் என்ன சொன்னேன்? "சரியாச் சொன்னாய்" என்றேன். மகனே, நான் பிள்ளைக்குச் சொன்ன பொய்களில் அதுதான் பெரியது. வேறு தகப்பன்மார் இதைவிடப் பெரிய பொய் சொல்லியிருக்கலாம், அது அவர்கள் பாடு. உன் கடிதத்தின் ஐந்தாம் தாளைப் படித்தபோதுதான் அன்றைய மிச்சக் கதை தெரிந்தது. ரெஜினா உன் பின்னால் படலை வரை வந்து, "உங்கடை அப்பா என்ன வேகத்திலை மிதிக்கச் சொல்லுவார்?" என்று கேட்டாளாம். நீ "ஆறுதலா" என்றாயாம். "குடுத்துவைச்ச ஆள். எங்கடை அப்பாவாலை எனக்குக் கால் ரெண்டும் விட்டுப்போச்சு" என்றாளாம். அதற்குப் பிறகு நீ கசெற் மாற்றப் போனால் திரும்பிவர ஏன் இரண்டு மணித்தியாலம் ஆனது என்பதும் இப்போது விளங்குகிறது.

போன செவ்வாய் பின்னேரம் நான் கொழும்புத்துறைக்குப் போனேன். இதுதான் உன் கேள்விக்குப் பதில். அம்மா வாசலில் நின்று, "போறதெண்டால் வாயை வீட்டிலை வைச்சிட்டுப் போங்கோ" என்றாள். அந்தக் கசெற்றைச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனேன். மரியநாயகம் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. நாலு வருடமாக அவரைத் தெருவில் எதிரே கண்டால் நான் மறுபக்கம் பார்த்திருக்கிறேன், ஆகவே நரைத்தது தெரியாது.

"ஆர் உது? வழி தவறிப் போச்சோ காணும்?"

"வழி தெரியும். கதிரை இருந்தால் இருக்கிறன்."

"கதிரை இருக்கு. வந்த விசயத்தைச் சொல்லும்."

"உம்மடை வேகம் சரி" என்றேன். வழி முழுக்க அந்த மூன்று சொல்லைத்தான் பழகிக்கொண்டு வந்தேன். ஒவ்வொன்றும் பல்லுப் பிடுங்குவது போல வந்தது.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும். வேறை?"

"எனக்கு மூண்டரை வருசமாத் தெரியும். பெரியகடையிலை கேட்டனான்."

"மூண்டரை வருசமாயோ! அட படுபாவி, தெரிஞ்சுகொண்டோ பொடியனை என்னோடை சண்டை பிடிக்க விட்டனீர்?" எழும்பி வந்து எனக்கு முன்னால் நின்றார். அடிப்பாரோ என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். பிறகு அவர் குரல் இறங்கியது. "ஆர் காணும் வேகத்தைக் கேட்டது? உந்தக் கோதாரி வேகத்துக்கோ நான் நாலு வருசம் இருந்தனான்? மற்றதைச் சொல்லும்."

"மற்றதெது?"

"ஒரு குழலோடை வந்தவன் எண்டு சொன்னீர்."

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். கொழும்பு வீட்டில் அவருடைய அறையில் சுவர் முழுக்கத் தட்டுகள். தகப்பன் வாங்கியவை, அவர் வாங்கியவை. கூட்டம் வந்தபோது மனைவியையும் மகளையும் மதிலுக்கு மேலால் தூக்கிவிட்டு, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு குதித்தார். அகப்பட்டது கிளாரினெற் பெட்டி. பக்கத்து வீட்டுக் குளியலறைக்குள் ஒளித்திருந்தபோது தட்டுகள் எரிகிற மணம் வந்தது. "ரப்பர் மணம் மாதிரி. இப்பவும் தெருவிலை ரயர் எரிஞ்சால் நான் வேறை ஒழுங்கையாலை போவன்." அவர் முதல் நாள் எங்கள் வீட்டில் நின்றபடி அழுதது எதற்கு என்று பன்னிரண்டு வருடம் கழித்து எனக்கு விளங்கியது.

"அறுபத்தொண்டு, அறுபத்தொண்டு எண்டு நீர் காணுற ஆக்களுக்கெல்லாம் சொன்னீர். என்ரை எத்தினை எண்டு ஒருக்கால் கேட்டீரோ?"

"இல்லை."

"இப்ப கேளும்."

"எத்தினை?"

"தெரியாது" என்றார். "நான் எண்ணேல்லை. எரியுமெண்டு ஆர் கண்டது."

அண்டைக்குச் சொன்னது பிழை என்று அப்போது சொன்னேன். அதை நான் பழகிக்கொண்டு போகவில்லை. அது தானாக வந்தது. அவர் உள்ளே திரும்பி மனைவியிடம் தேத்தண்ணி கேட்டார். பிறகு, "உம்மடை கோதாரியைக் கொண்டுவந்தனீரோ?" என்றார். சேட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் வீட்டுச் சைக்கிளும் ஸ்ராண்டில்தான் நின்றது. மிதிக்கப் பிள்ளைகள் இல்லை. மரியநாயகம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஏறி இருந்தார். "வேகம் சொல்லும்" என்றார். "ஆறுதலா" என்றேன். மிதித்தார். "இன்னும் ஆறுதலா." அவர் முகத்தைச் சுளித்தார், சுருதி அவர் காதைக் கிள்ளுகிறது என்று தெரிந்தது, ஆனால் வேகத்தை விடவில்லை. முழுப் பக்கமும் மிதித்தார். இறங்கி, வேர்வையைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டாவதிலை ட்ரம்பெற் நிக்கிற இடத்திலை ஒரு மூச்சு எடுக்கிறான். என்ரை வேகத்திலை அது கேக்கேல்லை. உம்மடை வேகத்திலை மனிசன் மூச்சு வாங்கிறது கேக்குது."

ஒன்றை நான் விட்டுக்கொடுக்கவில்லை, விட்டுக்கொடுக்கவும் மாட்டேன். சரியான வேகத்தில் அந்தக் கசெற் ஒரு நடுத்தரச் சாமான். பிழையான வேகத்தில் அது பெரியது. இதை மரியநாயகத்துக்கு அன்றே சொன்னேன், அவர் "விசர்க் கதை" என்றார், நாங்கள் இருவரும் பொழுதுபடும் வரை கத்தினோம்.

கலியாணம் செய்யப் போகிறவனுக்குத் தகப்பன் ஏதும் சொல்ல வேண்டுமாம். நான் சொல்லக்கூடியது எனக்குப் பிழைத்த இடங்களில் இருந்துதான். ரெஜினாவோடு வாழ்வது உனக்குத் தெரியாத கசெற். உன் துக்கத்துக்கோ சந்தோசத்துக்கோ ஏற்றபடி அதை ஓட்டிவிட்டு, இதுதான் அதன் வேகம் என்று சத்தியம் செய்யாதே. அவள் பிழை என்று சொன்னால் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கேள். பிழை என்று தெரிந்த நாளிலேயே வாயால் சொல்லிவிடு. வைத்திருந்தால் உன் பிள்ளை அதற்காக யாரோடோ சண்டை பிடிக்கும். அவள் எதை இழந்தாள் என்று உனக்குத் தெரியும் என்று நினையாதே. அந்தக் கப்பலில் அவளும் வந்தாள். கேள். எண்ணிக்கை தெரியாது என்று சொன்னாலும் கேள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை முதலாவது ஓலையை வாசித்தார்கள். நானும் அம்மாவும் போனோம். கோயிலில் எப்போது எழும்ப வேண்டும், எப்போது இருக்க வேண்டும் என்று தெரியாததால் கடைசி வரிசையில் நின்றுகொண்டோம். சாமியார் ரெஜினாவின் பெயரை வாசித்து, உன் பெயரை வாசித்து, என் பெயரைப் பிழையாக வாசித்தார். பிறகு, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரியப்படுத்தவேண்டும் என்று சொல்லி நிறுத்தினார். எனக்கு இந்த வழக்கம் தெரியாது. முழுக் கோயிலும் திரும்பி என்னைப் பார்த்தது. முன்னால் பாண்ட்காரரோடு நின்ற மரியநாயகமும் கிளாரினெற்றைக் கீழே இறக்கிவிட்டுப் பார்த்தார். அம்மா என் கையைப் பிடித்தாள். சாமியாருக்கும் ஊர்க்கதை எட்டியிருக்க வேண்டும், அவர் வழமையைவிட நெடுநேரம் காத்து நின்றார். சொல்ல எனக்கு விடயம் இல்லாமல் இல்லை. என் பெயர் பிழை. பாண்டில் ட்ரம்பெற்காரன் சுருதி சேர்க்கவில்லை. ஒரு சபைக்கு முன்னால் கேள்வி கேட்கப்பட்டு, பதிலும் வைத்துக்கொண்டு, நான் வாய் திறக்காமல் நின்றது என் அறுபத்திரண்டு வயதில் நேற்றுத்தான் முதல் தரம். இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கிறது. அப்போதும் போய் அதே இடத்தில் நிற்பேன்.

அப்பா